சனிக்கிழமை வாளி

முதலில் நடந்தவை, வரிசையாக:

1. அத்திபெலே அருகே ஒரு கீரைத் தோட்டம். நிலம் ஒருவருடையது, பயிர் செய்பவர் வேறொருவர். இரண்டு வருடமாகக் கீரை சரியாக வேர் பிடிக்கவில்லை.
2. காரணத்தைக் கண்டுபிடிக்க இருவரும் சேர்ந்து எங்கள் ஆய்வகத்துக்கு வந்தார்கள். வேலை என்னிடம் வந்தது.
3. மழைநீர் பிடிக்க ஒரு சனிக்கிழமை வாளி வைத்தேன். மழை செவ்வாய்க்கிழமை பெய்தது.
4. மண்ணில் அமிலம் இருக்கிறது, மழைநீரில் இல்லை என்று அறிக்கை கொடுத்தேன். அதிலிருந்த எண்கள் அத்தனையும் சரி.
5. அறிக்கையின் கடைசியில் யாரும் கேட்காத ஒரு வாக்கியத்தை எழுதினேன்.
6. அந்த வாக்கியத்தைக் காட்டி, பயிர் செய்பவரை நிலத்தைக் காலி செய்யச் சொன்னார்கள்.
7. அவர் எனக்குப் போன் செய்தார். திட்டவில்லை. ஒரு சந்தேகம் கேட்டார்.
8. அறிக்கையைத் திரும்பப் பெற்றோம்.

இந்த ஆய்வகத்தில் ஒன்பது வருடம் வேலை செய்திருக்கிறேன். அதில் எனக்கு மிகக் கடினமாக இருந்தது எட்டாவது வரி. வரும் வெள்ளிக்கிழமையோடு இங்கிருந்து கிளம்புகிறேன். ஓய்வுபெறும் வயதில்லை, முப்பத்துமூன்றுதான். வைட்ஃபீல்டில் ஒரு நிறுவனத்தில் திரையைப் பார்க்கும் வேலை கிடைத்திருக்கிறது. பொறுப்பை ஒப்படைக்கும் படிவத்தை நேற்று நிரப்பிக் கொடுத்துவிட்டேன். எந்தக் கருவி எந்த அலமாரியில், எந்தக் கரைசல் எப்போது காலாவதி, எல்லாம் அதில் இருக்கிறது. அந்தப் படிவத்தில் இடமில்லாததை இங்கே எழுதுகிறேன். மண், தண்ணீர்ப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு.

சனிக்கிழமை வாளியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். நீங்கள் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

நம் ஆய்வகம் இருக்கும் பொம்மனஹள்ளியிலிருந்து ஓசூர் ரோட்டில் திங்கட்கிழமை காலையில் எங்கேயாவது போய்வந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. மாதிரி எடுக்கப் போகும் வண்டி எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டுவதற்குள் பாதி நாள் போய்விடும். அதனால் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. சனிக்கிழமை அரை நாள் வேலை, ரோடும் கொஞ்சம் காலியாக இருக்கும். அன்றே போய், மழைநீர் பிடிக்கும் வாளிகளை வேண்டிய இடங்களில் வைத்துவிட்டு வந்துவிடுவோம். வாரத்தில் எப்போது மழை வந்தாலும் பிடித்துக்கொள்ளும். பெய்த மறுநாள் வண்டி போய் எடுத்துவரும். நான் சேர்வதற்கு முன்பே இருந்த வழக்கம் இது. யார் ஆரம்பித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. யாரும் கேட்டதும் இல்லை.

தோட்டத்துக்கு வருகிறேன். பயிர் செய்தவர் மஞ்சுளா அக்கா. தளிப் பக்கத்துக்காரர், நாற்பத்தைந்து வயது இருக்கும். பதினொரு வருடமாக அதே நிலத்தில் தண்டுக்கீரை, அரைக்கீரை, கொத்தமல்லி. நிலம் நாராயணப்பாவுடையது. அவருடைய வீடு தோட்டத்தின் பின்கோடியில். வீட்டுக்கும் பின்னால் சிறிய தொழிற்சாலைகளின் கூரைகள் தெரியும். முன்பக்கம் ரோடு. ரோட்டில் கான்கிரீட் கலவை ஏற்றிக்கொண்டு லாரிகள் ஓயாமல் போகும்.

கீரையைப் பிடுங்கினால் வேர் விரல் நீளம்கூட இல்லை. நுனி கருகி, தடித்து, குச்சி போல இருந்தது. மண்ணில் அமிலம் ஏறினால் இப்படித்தான் ஆகும். செம்மண்ணுக்குள் பூட்டிக் கிடக்கும் அலுமினியத்தை அமிலம் கரைத்து விடுவிக்கிறது. கரைந்த அலுமினியம் முதலில் வேரின் நுனியைத் தாக்கும். கேள்வி, அந்த அமிலம் எங்கிருந்து வந்தது என்பதுதான். அக்கா அளவில்லாமல் உரம் போட்டு மண்ணைக் கெடுத்துவிட்டதாக நாராயணப்பா சொன்னார். உரத்தாலும் மண் அமிலமாகும், அது உண்மை. அக்கா, மேலேயிருந்து என்னவோ விழுகிறது என்றார். மழை பெய்தால் இலையில் பொட்டுப் பொட்டாகக் கருகல் விழுவதைக் காட்டினார். சோதனை என்ன சொல்கிறதோ அதன்படி நடப்பது என்று இருவரும் பேசிவைத்துக்கொண்டுதான் எங்களிடம் வந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை எங்கள் வண்டி ஓட்டுநர் ஃபிரான்சிஸும் நானும் போனோம். முந்தின நாள் தூறியதில் தோட்டத்துக்குள் போகும் பாதை சேறாகக் கிடந்தது. வண்டி இறங்காது. எனக்கு அன்று இன்னும் நான்கு இடங்கள் பாக்கி. ரோட்டோரச் சுவரின்மேல், முதல் பாத்திக்குப் பக்கத்திலேயே வாளியை வைத்துக் கம்பியால் கட்டினேன். பாத்திகளிலிருந்து மண்ணை எடுத்து ஒன்றாகக் கலந்துகொண்டேன். கிணற்று நீரும் ஒரு பாட்டில்.

புதன்கிழமை வாளி வந்தது. அடியில் சாம்பல் நிறத்தில் வண்டல். குறிப்பேட்டில் 'அடியில் வண்டல்' என்று எழுதினேன், வடிகட்டினேன், அளந்தேன். பிஹெச் 6.8. ஏழு என்றால் நடுநிலை, கீழே போகப் போக அமிலம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். 6.8 கிட்டத்தட்ட நடுநிலை. அருமையான மழை.

இந்த இடத்தில் நிறுத்தி உங்களை ஒன்று கேட்கிறேன். காற்றில் இருக்கும் கரியமில வாயுவால் சுத்தமான மழையே ஐந்தரையைச் சற்றுத் தாண்டித்தான் இருக்கும். அப்படியானால் 6.8 எப்படி வந்தது? தண்ணீரில் ஏதோ ஒன்று அமிலத்தை அடக்கியிருக்க வேண்டும். இது எனக்குத் தெரியாதது இல்லை, தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியது. மோசமான எண் வந்திருந்தால் மூன்று முறை அளந்திருப்பேன். நல்ல எண் வந்ததால் அப்படியே எழுதிக்கொண்டேன்.

அதோடு நிற்கவில்லை. குறிப்புப் பகுதி காலியாக இருப்பது எனக்கு அப்போது பிடிக்காது. இப்படி எழுதினேன்: 'மண்ணின் அமிலத்தன்மைக்கு மழைநீர் காரணமல்ல. தொடர்ச்சியான ரசாயன உரப் பயன்பாடு காரணமாக இருக்கலாம்.' கேட்டது எண்கள். நான் தீர்ப்பும் சேர்த்துக் கொடுத்தேன். அதில் 'இருக்கலாம்' என்று எழுதியிருந்தது எனக்குப் பெரிய எச்சரிக்கையாகத் தெரிந்தது. படிப்பவர்களுக்கு அப்படித் தெரிவதில்லை.

இரண்டு வாரம் கழித்து அக்கா போன் செய்தார். பின்னால் லாரிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இந்த அறுப்போடு நிலத்தை விட்டுவிடச் சொல்லிவிட்டாராம் நாராயணப்பா. பூச்செடி நர்சரிக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறாராம். ஒரு மாதம் இருக்கிறது. இதையெல்லாம் வேறு யாருக்கோ நடந்தது போல வேகமாகச் சொல்லி முடித்தார்.

பிறகு, "மேடம், உங்க ரிப்போர்ட்ட நான் தப்பு சொல்லல. ஒரு சந்தேகம், கேக்கலாமா?" என்றார்.

கேளுங்கள் என்றேன்.

"வாளிய ரோட்டோரம் வச்சீங்க. ரோட்டோரத்துல இருக்கற ரெண்டு பாத்தில கீரை நல்லாத்தான் இருக்குது. லாரித் தூசி அப்பிக்கினு பாக்க அசிங்கமா இருக்கும், ஆனா வேர் நல்லா எறங்கியிருக்குது. உள்ள போகப் போகத்தான் வெந்துபோவுது. நல்லா இருக்கற எடத்துல வாளிய வச்சிட்டு நல்லா இருக்குதுன்னு எழுதினா, அது எனக்கே தெரியுமே மேடம். உரம் எல்லாப் பாத்திக்கும் ஒரே கைதான் போட்டுச்சு."

பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தேன். 

சோதித்த மாதிரிகளின் மிச்சத்தை நாங்கள் ஒரு மாதம் வைத்திருப்போம். அந்த வடிதாளும் இருந்தது, காய்ந்த சாம்பல் படலத்தோடு. அதன் ஓரத்தில் நீர்த்த அமிலம் இரண்டு சொட்டு விட்டேன். நுரைத்தது. சோடா திறந்தது போலப் பொங்கி அடங்கியது. சிமென்ட் தூசி. சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் லாரிகள் அந்த வாளிக்குள் சிமென்டைத் தூவியிருக்கின்றன. செவ்வாய்க்கிழமை பெய்த மழையில் எவ்வளவு அமிலம் இருந்திருந்தாலும் வாளியில் விழுந்தவுடன் அது அடங்கியிருக்கும். அந்தத் தூசி ரோட்டோர இரண்டு பாத்திகளைத் தாண்டிப் போகாது. உள்ளே இருக்கும் மண்ணுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

அக்கா சொன்னது முழுச் சான்று இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிமென்ட் தூசி உரத்தின் அமிலத்தையும் அடக்கும். அதனால் ரோட்டோரப் பாத்தி செழிப்பதை வைத்து, உரமா மழையா என்று சொல்ல முடியாது. ஆனால் என் வாக்கியத்துக்கு ஆதாரம் இல்லை என்று சொல்ல அது போதும்.

மேலாளரிடம் போனேன். அடுத்த வாரம் எங்கள் ஆய்வகத்துக்கு அங்கீகாரத் தணிக்கை. அவர் மேசையில் கோப்புகள் மார்பளவு நின்றன. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "தப்பு எங்கம்மா இருக்கு? மீட்டர் தப்பா, கேலிப்ரேஷன் தப்பா?" என்றார்.

"ரெண்டும் சரி சார். வாளி இருந்த இடம் தப்பு. தெறந்தே கெடந்தது தப்பு."

"எல்லாரும் அப்படித்தானேம்மா வைக்கறாங்க."

"அதான் சார் பயமா இருக்கு."

அவர் பேனாவை மூடி வைத்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. இந்த ஒரு அறிக்கையைத் திரும்பப் பெற்றால், சனிக்கிழமை வாளியில் பிடித்த எல்லா மழையையும் திரும்பிப் பார்க்க வேண்டிவரும். தணிக்கை முடியட்டும், பத்து நாள்தானே என்றார். பத்து நாள் நியாயமான அவகாசமாகத்தான் எனக்கும் தோன்றியது. இடத்துக்கு வந்து உட்கார்ந்து ஒரு தாளில் இரண்டு பத்திகளாகப் பிரித்து எழுதினேன். காத்திருந்தால் யாருக்கு என்ன நஷ்டம், காத்திருக்காவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம். இரண்டாவது பத்தியில் எங்கள் பெயர்கள் மட்டும் இருந்தன. முதல் பத்தியில் அக்காவின் பெயர் மட்டும் இருந்தது. பத்து நாளில் நர்சரிக்காரர் முன்பணம் கொடுத்துவிட்டால், எங்கள் திருத்திய அறிக்கை ஒரு காகிதம், அவ்வளவுதான்.

அந்தத் தாளை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் காலையில் அவரே என் மேசைக்கு வந்தார். "மொதல்ல அவங்க ரெண்டு பேருக்கும் நேர்ல போய்ச் சொல்லு. லெட்டர நான் அடிச்சுக்கறேன். தணிக்கைக்கு வர்றவங்க பாத்தா பாக்கட்டும்" என்றார். பார்த்தார்கள். அந்தக் கோப்பை வெகுநேரம் படித்தார்கள். வாளிக்கு இனி மூடி உண்டா என்று மட்டும் கேட்டார்கள்.

நாராயணப்பாவிடம் சொன்னது எளிதாக இல்லை. அவர் கெட்டவர் இல்லை. நம்பி வந்தவர், நாங்கள் சொன்னதை நம்பியவர். நம்பியதை மாற்றச் சொன்னால் யாருக்கும் கோபம் வரும்.

"அப்போ உங்க ரிப்போர்ட்டு சுள்ளா? பொய்யா?" என்றார், கன்னடம் கலந்த தமிழில்.

"எண் பொய் இல்லீங்க. நான் எழுதின பேச்சு தப்பு. திரும்ப எடுத்துக்கறேன்."

"நோடம்மா, நான் அந்தப் பேச்சைத்தான் படிச்சேன். நம்பர் எனக்கு என்னா தெரியும்."

எனக்கு அது வேண்டியதுதான். நான்கு வருடப் படிப்பில் சொல்லித்தராததை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். நாம் எண்களுக்காக உயிரைக் கொடுக்கிறோம். அவர்கள் கடைசி வாக்கியத்தைப் படிக்கிறார்கள்.

மறுபடியும் மழை பிடிக்க வேண்டும். இந்த முறை வாளி தோட்டத்தின் நடுவில் இருக்க வேண்டும், மூடியோடு. முதல் துளி விழும்போது திறக்க வேண்டும், மழை நின்றதும் மூட வேண்டும். பொம்மனஹள்ளியில் உட்கார்ந்துகொண்டு அதைச் செய்ய முடியாது. அங்கேயே இருப்பவர் அக்காதான்.

நாராயணப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "இவ தெறந்து இவ மூடினா? எலுமிச்சம்பழம் புழிஞ்சு ஊத்திட்டான்னா நான் என்னா பண்றது?"

அக்கா குனிந்து களை எடுத்துக்கொண்டே, "எலுமிச்சம்பழம் விக்கற வெலைக்கு நான் வாளில புழியறேனா அண்ணா" என்றார்.

நாராயணப்பா சொன்னதிலும் நியாயம் இருந்தது. முடிவு தனக்குச் சாதகமாக வர ஆசைப்படுபவர் கையில் மாதிரியைக் கொடுக்கக் கூடாது என்பது நம் விதியே. எனக்கு வழி தெரியவில்லை. வண்டியில் சாய்ந்து நின்ற ஃபிரான்சிஸ்தான், "ஆளுக்கு ஒண்ணு குடுத்துடுங்க மேடம். எங்க வீட்ல ரெண்டு பசங்க சண்டைக்கு அதான் வைத்தியம்" என்றார்.

கிண்டலாகத்தான் சொன்னார். நான் அப்படியே செய்தேன். ஒரு வாளி தோட்டத்தின் நடுவில், அக்காவின் பொறுப்பில். இன்னொன்று நாராயணப்பாவின் வீட்டு மொட்டை மாடியில், அவருடைய பொறுப்பில். இருவருக்கும் கையுறை, கழுவிய பாட்டில், திறந்த நேரமும் மூடிய நேரமும் எழுத ஒரு நோட்டு. நாராயணப்பா கன்னடத்தில் எழுதுவார், அக்கா போனில் படம் எடுத்து வைப்பார். அதே நாளில் பாத்திகளின் மண்ணைத் தனித்தனியாக மறுபடி எடுத்தேன், புதிதாக இன்னொரு மாதிரியும் எடுத்தேன். உள்பக்க வரப்பு மண். வரப்புக்கு யாரும் உரம் போடுவதில்லை. அமிலம் உரத்திலிருந்து வந்திருந்தால் பாத்தியில் இருக்கும், வரப்பில் இருக்காது. மேலேயிருந்து விழுந்திருந்தால் பாத்தி, வரப்பு என்று பார்க்காது. முதல் தடவையே எடுத்திருக்க வேண்டிய மாதிரி அது.

ஒன்பது நாள் மழை இல்லை. அக்காவுக்கு மிச்சமிருந்த ஒரு மாதத்தில் ஒன்பது நாள். நான் தினமும் தெற்கே மேகத்தைப் பார்த்தேன். பத்தாம் நாள் மாலையில் பெய்தது, நன்றாகவே பெய்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு இருவரும் ஆய்வக வாசலில் நின்றார்கள். நாராயணப்பாவின் ஸ்கூட்டரில் ஒன்றாக வந்திருந்தார்கள். அவர் பாட்டில் முன்னால் கொக்கியில் தொங்கியது. அக்காவுடையது அக்காவின் மடியில் இருந்தது. இரண்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு வரலாம் என்று வழியில் யாரும் சொல்லவில்லை போலும்.

வெளியாட்களை உள்ளே விடுவதில்லை. அன்று மேலாளரே கதவைத் திறந்துவிட்டார்.

மழைநீரை அளக்கும்போது புதியவர்களில் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. மழைநீரில் உப்பு மிகக் குறைவு. அதனால் மீட்டரின் எண் நிற்க நேரமாகும். கிணற்று நீருக்கு ஒரு நிமிடம் என்றால் இதற்குப் பத்து நிமிடம். அவசரப்பட்டுப் பொத்தானை அழுத்தினால் உங்களுக்குப் பிடித்த எண்ணில் நிறுத்திக்கொள்ளலாம். அன்று முதலில் வைத்தது அக்காவின் பாட்டில். 5.9 காட்டியது. இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். 5.6. 5.4.

"நின்னுச்சா?" என்றார் நாராயணப்பா.

"இன்னும் இல்லீங்க."

"அஞ்சரைல நிறுத்திடும்மா. நல்ல நம்பர்."

அக்கா மட்டும் சிரித்தார். 5.1. பிறகு மிக மெதுவாக 4.9, 4.8. பன்னிரண்டாவது நிமிடம் 4.6-இல் நின்றது. அசையவில்லை. எழுதிக்கொண்டேன். மீட்டரின் மின்முனையைக் கழுவி, நாராயணப்பாவின் பாட்டிலை வைத்தேன். அது 4.3-இல் நின்றது.

 நாராயணப்பா கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். "இது என் மாடில புடிச்சது" என்றார், என்னிடமோ தனக்குத்தானேயோ.

பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். நான்கு வருடத்துக்கு முன் அதே கிணற்று நீரை வேறெங்கோ சோதித்த தாள். அதையும் என் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பிஹெச் அன்று 7.4, இன்று 7.1. பெரிய மாற்றமில்லை. ஆனால் அடுத்த வரியில் காரத்தன்மை, அன்று இருந்ததில் பாதிதான் இருந்தது. அந்த எண் முதல் அறிக்கையிலும் இருந்தது. நானே அச்சடித்தேன், நானே கையெழுத்துப் போட்டேன், நான் படிக்கவில்லை. காரத்தன்மை என்பது அமிலத்தைத் தாங்கிக்கொள்ளத் தண்ணீரில் இருக்கும் கையிருப்பு. அது தீரும்வரை பிஹெச் பெரிதாக அசையாது. தீர்ந்த பிறகு ஒரேயடியாக விழும். இதை நான் சுற்றிச் சுற்றி விளக்கிக்கொண்டிருந்தேன்.

அவர் கையமர்த்தினார். "ஆய்த்தும்மா, புரிஞ்சிச்சு. மாடில டேங்க்கு பாதி ஆனாலும் குழால தண்ணி அதே மாதிரிதான் வரும். காலி ஆனப்புறம்தான் தெரியும்."

இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. உங்களுக்கும் அதையே கொடுக்கிறேன். குழாயை மட்டும் பார்க்காதீர்கள், தொட்டியை எட்டிப் பாருங்கள்.

அடுத்து நடந்ததை நான் யாரிடமும் அதிகம் சொன்னதில்லை. மண் முடிவுகள் அன்று பிற்பகல் வந்தன. ரோட்டோரப் பாத்தி 6.5. உள்பக்க வரப்பு 5.1. உள்பக்கப் பாத்தி 4.8. வரப்பே அவ்வளவு இறங்கியிருந்ததால் பெரும்பங்கு மேலேயிருந்து விழுந்தது என்பது தெளிவு. ஆனால் பாத்தி வரப்பைவிட இன்னும் கொஞ்சம் கீழே இருந்தது. அந்தக் கொஞ்சம் உரத்தினுடையது. அக்கா பல வருடமாக அமோனியம் சல்பேட்தான் போட்டுவந்தார்.

அந்தக் கொஞ்சத்தை விட்டுவிட எனக்குக் கை துடித்தது. ஒரு முறை அவருக்கு எதிராகத் தவறு செய்தாயிற்று. இந்த முறை அவர் பக்கம் சாய்ந்தால் கணக்கு நேராகிவிடும் என்று தோன்றியது. அதற்குக் கருணை என்று பெயர் வைத்துக்கொள்ளவும் தயாராக இருந்தேன். ஆனால் அதுவும் ஆதாரத்தை மீறிய வாக்கியம்தான், திசை மட்டும் வேறு. இருவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். போய், உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"அப்போ என் கையும் கொஞ்சம் இருக்குது" என்றார் அக்கா.

"கொஞ்சம் இருக்குது அக்கா."

"அதையும் எழுதுங்க. இல்லன்னா நாளைக்கு இவர் வேற எங்கயாவது போய் டெஸ்ட் பண்ணிட்டு வந்து, மீதியும் பொய்தான்னு சொல்லுவாரு."

நாராயணப்பா, "நான் ஏன் போறேன்" என்றார். பிறகு, "போனாலும் போவேன்" என்றார். இருவரும் ஒரே நேரத்தில் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

மழைநீரில் குளோரைடும் அதிகமாக இருந்தது. இரும்பைக் கழுவும் அமிலத்தில் இருப்பது அது. அந்த எண்ணை எழுதினேன். எந்தத் தொழிற்சாலைக் கூரையிலிருந்து வந்தது என்று எழுதவில்லை. அதைச் சொல்ல என்னிடம் மாதிரி இல்லை, குறிப்புப் பகுதியில் என்ன எழுதக்கூடாது என்பதையும் அதற்குள் கற்றிருந்தேன். இம்முறை அந்தப் பகுதியில் மாதிரி எடுத்த இடமும், திறந்து மூடிய நேரமும், எடுத்தவர் பெயரும் மட்டும் இருந்தன. நாராயணப்பா படித்துவிட்டு, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அங்கேயே பிறந்தவனுக்குத் தெரியாதா என்றார். நர்சரிக்காரருக்கு இல்லை என்று அன்றே சொல்லிவிட்டார்.

அவருடைய வீட்டுக்குப் பின்னால் இரும்புக்குத் துத்தநாக முலாம் பூசும் பட்டறை ஒன்று இருந்தது. இருவரும் சேர்ந்து அங்கே போனார்கள். அதே ஸ்கூட்டரில்தான். அமிலப் புகையைக் காரநீர் தெளித்து அடக்கும் கோபுரம் அங்கே இருந்தது. அதன் பம்பு ஓடி எத்தனை நாளாயிற்று என்று அங்கிருந்தவர்களுக்கே சரியாகத் தெரியவில்லை. முதலில் தட்டிக்கழித்தார்கள். நிலச்சொந்தக்காரரும் குத்தகைக்காரரும் ஒரே தாளைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றது அவர்களுக்குப் பழக்கமில்லாத காட்சி. ஒருவரை மட்டும் என்றால் சமாளித்திருப்பார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஒரு மனு போனது. பம்பு ஓட இரண்டு மாதமானது. ஓடியது.

நான் தவறே செய்யாமல் முதல் தடவையே சரியாக அளந்திருந்தால், அறிக்கை அக்காவின் கையில் மட்டும் இருந்திருக்குமோ என்று சில சமயம் நினைப்பேன். ஆனால் அது எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் ஆறுதல். அந்த ஒரு மாதம் அவர் எப்படி இருந்தார் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. தவறிலிருந்து நல்லது வந்ததால் தவறு நல்லதாகிவிடாது. நீங்கள் அதை முதல் தடவையே சரியாக அளந்துவிடுங்கள்.

பழைய சனிக்கிழமை வாளிகளின் கணக்கையும் எடுத்தோம். மழையைப் பற்றி முடிவு சொன்ன அறிக்கைகளைப் பிரித்து, கேட்டவர்கள் எல்லோருக்கும் கடிதம் எழுதி, மறுபடி பிடித்துக் கொடுத்தோம். சிலர் கோபப்பட்டார்கள். பெரும்பாலோர் சரி என்றார்கள். இருவர் நன்றி சொன்னார்கள், அதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

இன்றைய நிலை இது.

சனிக்கிழமை வாளி இல்லை. எல்லா வாளிக்கும் மூடி உண்டு. மழை பிடிக்கும் இடத்தில் இருப்பவர் திறக்கிறார், அவரோடு ஒத்துப்போகாத ஒருவரிடமும் ஒரு வாளி இருக்கும். வண்டி திங்கட்கிழமையும் போகிறது. ஃபிரான்சிஸ் அதைப் பற்றித் தினமும் புகார் சொல்கிறார்.

அத்திபெலேயில் கடைசியாகப் பிடித்த மழை 5.5. கோபுரத்தின் பம்பு ஓடுகிறது. நின்றால் நாராயணப்பாவுக்கு மறுநாளே தெரிந்துவிடும், மாடி வாளியை அவர் இன்னும் எடுக்கவில்லை. உள்பக்கப் பாத்திகளுக்கு இரண்டு முறை சுண்ணாம்புத் தூள் போட்டார்கள். அக்கா அமோனியம் சல்பேட்டை நிறுத்திவிட்டு எரு போடுகிறார். மண் 5.9 வரை ஏறியிருக்கிறது. கிணற்றின் காரத்தன்மை விழுவது நின்று, கொஞ்சம் ஏறியிருக்கிறது. பழைய அளவுக்கு இன்னும் தூரம் இருக்கிறது, சில வருடம் ஆகும்.

மஞ்சுளா அக்கா அதே நிலத்தில் இருக்கிறார். கடைசி உள்பாத்தியில் இந்த வாரம் கொத்தமல்லி பிடுங்கினார். வேர் ஒரு சாண்.